எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிடுவார்கள். தப்பு அதிர, ரதியும் மன்மதனும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்தோறும் ஆடி வருவார்கள். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். அவன் எரிந்தானா, இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது தமிழரின் பழைய வழக்கம். விடிந்தாலும் எந்தக் கட்சியும் தோற்பதில்லை.

தன்பாலீர்ப்பைப் பற்றிய பேச்சிலும் இதே லாவணிதான். பிறவியிலேயே வருவது என்பது ஒரு கட்சி. வளர்ப்பிலும் சகவாசத்திலும் வருவது என்பது மறு கட்சி. ஹட்டனில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஒருநாள் பஸ் நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் என்னை ஓரமாக அழைத்தார். கொழும்பில் வேலை செய்யும் மகன், தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டான். "நாங்கள் வளர்த்ததில் ஏதும் பிழையா, சேர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதைச் சொல்ல பஸ் காத்திருக்காது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரட்டையர்கள். 1991இல் பெய்லி, பில்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் சகோதரர்களைப் பற்றி விசாரித்தார்கள். ஒருகருவில் பிறந்த, மரபு ஒன்றேயான இரட்டையர்களில் 52 விழுக்காட்டினரும், இருகரு இரட்டையர்களில் 22 விழுக்காட்டினரும், தத்தெடுக்கப்பட்ட சகோதரர்களில் 11 விழுக்காட்டினரும் தன்பாலீர்ப்புள்ளவர்கள். விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்ததால் இந்த எண்கள் சற்று ஊதிப்போயிருந்தன. 2010இல் சுவீடனின் இரட்டையர் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு, மரபின் பங்கு ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, பெண்களில் ஐந்தில் ஒன்று என்று மதிப்பிட்டது.

"மூன்றில் ஒன்று" என்றதும், ஒருவனுடைய ஆசையில் மூன்றில் ஒரு பங்கு மரபணு, மீதி வளர்ப்பு என்று படித்தவர்களே எண்ணிக்கொள்கிறார்கள். தேயிலை மலையில் ஏறிப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். பழைய விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதம். ஒன்றின் இலை அகலம், அடுத்தது ஒடுக்கம். துண்டு நட்டு வளர்க்கும் வீ.பீ. தேயிலை அப்படியல்ல. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வந்ததால் மலை முழுவதும் ஒரே மரபு. அங்கே நீர்க்கானோரத்துச் செடி செழித்தும் பாறையோரத்துச் செடி சோர்ந்தும் இருந்தால், அந்த வேறுபாடு முழுக்க மண்ணாலும் நீராலும் வந்தது. ஆகவே வீ.பீ. மலையில் "மரபின் பங்கு" பூச்சியம். ஒரே சீரான மண்ணில் நட்ட விதைத் தேயிலையில் அது மிக அதிகம். இரண்டிலும் தேயிலை தேயிலைதான். அந்த எண் மலை முழுவதிலும் காணும் வேறுபாட்டைப் பற்றியது, எந்த ஒரு செடியையும் பற்றியது அல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. மரபு அல்லாத மீதியை ஆய்வாளர்கள் "சூழல்" என்பார்கள். நம் காதில் அது "வளர்ப்பு" என்று விழுகிறது. அந்தத் தாயின் துயரம் முழுவதும் இந்த ஒரு சொற்பிழையிலிருந்து வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. உயிரியலில் சூழல் கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே நிகழும் தற்செயல்களும் அதற்குள் அடக்கம்.

இதில் மிக வியப்பானது மூத்த சகோதரர் விளைவு. 1990களில் கனடாவின் ரே பிளான்சார்டும் அந்தனி போகார்ட்டும் கண்டது இது: ஓர் ஆணுக்கு மூத்த சகோதரர்கள் எத்தனை பேரோ, அவன் தன்பாலீர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மூத்த சகோதரிகளால் அப்படி எதுவும் கூடுவதில்லை. கேட்கப் பெரிதாக இருந்தாலும் கணக்கு சிறியது. முதல் மகனுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று வைத்துக்கொண்டால், நான்காவது மகனுக்கு 5ஐக்கூட எட்டுவதில்லை. அண்ணன்மாரோடு வளர்வதுதான் காரணமோ என்று நினைக்கலாம். போகார்ட் 2006இல் அதையும் சோதித்தார். ஒரே வீட்டில் வளர்ந்த தத்துச் சகோதரர்களாலும் மாற்றுத்தாய் மக்களாலும் எந்த விளைவும் இல்லை. வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் ஒரே தாய் வயிற்று அண்ணன்மார் கணக்கில் வந்தார்கள். வீடு அல்ல, வயிறுதான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வயிறு எப்படி எண்ணும்? கிளினிக்குக்குப் போன தாய்மாருக்கு ஆர்எச் நெகட்டிவ் ஊசியைத் தெரிந்திருக்கும். முதல் பிள்ளையின் இரத்தத்தை அந்நியமாகக் கண்ட தாயின் உடல், எதிர்ப்பொருளை உருவாக்கி அடுத்த பிள்ளைக்காக நினைவில் வைத்திருக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. அதே போன்ற ஒன்று இங்கும் நடக்கலாம். ஆண் கருவின் ஒய் நிறமூர்த்தம் (குரோமோசோம்) உண்டாக்கும் சில புரதங்கள் தாயின் உடலுக்குப் புதியவை. மூளை நரம்புகளின் இணைப்பில் பங்குள்ள அத்தகைய ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், தன்பாலீர்ப்புள்ள மகன்களைப் பெற்ற தாய்மாரிடம், அதிலும் அந்த மகனுக்கு அண்ணன்மார் இருந்தவர்களிடம், கூடுதலாக இருந்ததை 2018இல் போகார்ட் குழு காட்டியது. மாதிரி சிறியது. இதை ஒரு நல்ல கருதுகோள் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

வளர்ப்பைக் குறை சொல்ல வழியே இல்லாத ஓர் உயிரினமும் உண்டு: செம்மறிக்கிடா. அமெரிக்காவில் ஒரிகனைச் சேர்ந்த சார்ல்ஸ் ரோசெல்லியும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தவற்றில், நூற்றுக்கு எட்டு அளவிலான கிடாக்கள், பெட்டை ஆடு பக்கத்தில் இருந்தும் கிடாவையே நாடின. அவற்றின் மூளையில் ஐப்போதலமசு என்ற பகுதியின் ஒரு நரம்புத் திரள் மற்றக் கிடாக்களுடையதைவிடச் சிறியது.

மரபணுவைத் தேடியவர்கள் கதை வேறு. 1993இல் எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியில் ஓர் இடத்தைச் சுட்டினார் டீன் ஹேமர். பத்திரிகைகள் "தன்பாலீர்ப்பு மரபணு" என்று கொட்டை எழுத்தில் போட்டன. 2019இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, அப்படி ஒற்றை மரபணு கிடையாது என்று முடித்துவைத்தது. சிறிய விளைவுள்ள ஐந்து இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆயிரக்கணக்கான நுண்மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து விளக்கியது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 8 முதல் 25 விழுக்காடு வரை. இரத்தத்தைச் சோதித்து ஒருவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது வேறொரு சங்கதி. அதில் பெரும்பாலோர் பிரித்தானியர், அநேகமாக 1930களின் பிற்பகுதிக்கும் 1970க்கும் இடையில் பிறந்தவர்கள். தன் பாலினரோடு ஒருமுறையாவது உறவு கொண்டதாகச் சொன்னவர்களின் பங்கு, பிற்காலத்தில் பிறந்தவர்களிடையே தெளிவாகக் கூடியிருந்தது. முப்பது ஆண்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாறுமா? மாறியது சட்டமும் ஊர் வாயும். இங்கிலாந்தில் 1967இல் ஆண்களிடையே தனிமையில் நிகழும் உறவு குற்றமல்ல என்றாயிற்று. ஆய்வாளர்கள் கேட்டது "யாரை விரும்புகிறீர்கள்" என்றல்ல, "உறவு கொண்டதுண்டா" என்று. செய்யத் துணிந்தவர்களைத்தான் அந்தக் கேள்வி பிடித்தது. மரபணுவைத் தேடிப் போன வலையில் சமூகமும் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது.

ஈர்ப்பு, நடத்தை, தன்னைத் தான் எப்படி அழைத்துக்கொள்வது என்ற அடையாளம் ஆகிய மூன்றும் மூன்று சங்கதிகள். முதலாவது பெரும்பாலும் நம் கைக்கு எட்டாத இடத்தில் முடிவாகிறது. மற்ற இரண்டையும் வரைவது ஊர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும் சுவருக்குள், ஓர் இளைஞன் யாருடன் தொலைபேசியில் பேசுகிறான் என்பதே ஊர்ச்செய்தி. அங்கிருந்து கொழும்புக்கு பஸ் ஏறுவதும் சிலருக்கு வேலை தேடி மட்டுமல்ல. காமன் கூத்தில் ரதியாக ஆடுபவர் ஆண்தான். விரதம் இருந்து சேலை கட்டி வரும் அவரைக் கும்பிடுகிறோம். கூத்து முடிந்ததும் அதே சேலையைச் சொல்லிக் கேலியும் செய்கிறோம். பெண் வேடம் போடுவது, தன்னைப் பெண்ணாக உணர்வது, ஆணை விரும்புவது ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது ஊர் வழக்கம். அறிவியல் அந்த மூட்டையை அவிழ்க்கிறது.

சட்டமும் சேர்ந்து வரைகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்கு உரியது; கோப்பி நோயில் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். அதன் 365ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உறவைத் தண்டிக்கிறது. செம்மறிக்கிடாவிடம் கேட்டு எழுதிய சட்டமாக அது தெரியவில்லை. ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவு 1995இல் பெண்களையும் உள்ளடக்குமாறு விரிக்கப்பட்டது. இவற்றைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்பதை உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இலேயே ஏற்றுக்கொண்டு நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது.

அன்று பஸ் நிலையத்தில் இதில் கால்வாசியும் நான் சொல்லவில்லை. இல்லை என்ற என் ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு அந்தத் தாயார் சற்று நேரம் நின்றார். கொண்டக்டர் டிக்கோயா, நோர்வூட் என்று கூவிக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், "சாதகத்தைத் தரகரிடம் கொடுத்திருக்கிறேனே, சேர். திரும்ப வாங்கிவிடவா?" என்றார்.

வாங்கிவிடுங்கள் அம்மா என்றேன்.