பறவைக்காக நாய்களுக்கு ஒரு பூங்கா

லண்டனுக்குத் தென்மேற்கே சரே, ஹாம்ப்ஷயர், பெர்க்‌ஷயர் வட்டாரத்தில் ஒரு பில்டர் நூறு வீடு கட்ட அனுமதி கேட்டால், ரோடு, சாக்கடை, பார்க்கிங் விவரங்களோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே குடிவரப் போகிறவர்கள் நாயை எங்கே கூட்டிக்கொண்டு போய் நடப்பார்கள்? இதற்குச் சரியான பதில் இல்லையென்றால் அனுமதி கிடைப்பது கஷ்டம்.

காரணம் மூன்று பறவைகள். ஐரோப்பியப் பக்கி, மரவானம்பாடி, டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி. மூன்றும் அங்கே 'ஹீத்' எனப்படும் புதர்வெளியை நம்பி வாழ்பவை. சத்தில்லாத மணல் மண், கணுக்கால் முதல் முழங்கால் வரை வளரும் ஹெதர் செடி, இடையிடையே மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் முள்புதர், அவ்வளவுதான் ஹீத். பார்வைக்குப் பொட்டல் நிலம் மாதிரி இருப்பதால் வீடு கட்டுகிறவர்களின் கண் முதலில் அதன் மேல்தான் விழும். 1800-க்குப் பிறகு இங்கிலாந்தின் ஹீத்களில் பெரும்பகுதி விவசாயத்துக்கும் காடு வளர்ப்புக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவியை 1773-ல் சுட்டுப் பிடித்த பெக்ஸ்லி ஹீத், இன்றைக்கு லண்டனின் ஒரு புறநகர்.

மிச்சமிருந்த துண்டுகளில் சுமார் 8,300 ஹெக்டேரைச் சேர்த்து 'தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்' என்ற பெயரில் 2005-ல் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அதற்குள் வீடு கட்ட முடியாது. பிரச்சினை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை.

ஏன் என்று புரிய, பக்கி முட்டையிடும் விதத்தைப் பார்த்தால் போதும். நம் ஊரில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள், மண் ரோட்டில் உட்கார்ந்து ஹெட்லைட்டில் கண் மின்னும் பக்கியைப் பார்த்திருப்பார்கள். அதன் ஐரோப்பிய உறவு ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் இங்கிலாந்துக்கு வரும். கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு, சருகு நிறத்தில் அதன் மேல் அசையாமல் கிடக்கும். நரியோ காகமோ தாண்டிப் போனாலும் தெரியாது. ஆனால் கயிறில்லாமல் ஓடிவரும் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக அருகில் வந்துவிடும். பறவை எழுந்து பறக்கும். நாய் முட்டையைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. தாய் இல்லாத நேரத்தில் வெளியே தெரியும் முட்டை காகத்துக்குப் போதும்.

கதிர்க்குருவியின் கதை வேறு. அது புதருக்குள் கூடு கட்டும், ஆனால் ஆள் நடமாட்டம் அதிகமானால் காலம் தாழ்த்தும். ஹெதர் மிகுந்த இடங்களில், தொந்தரவுக்கு உள்ளான ஜோடிகள் முதல் ஈட்டை, அதாவது முதல் முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை, ஆறு வாரம் வரை தள்ளிப்போட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோடை சின்னது. முதல் ஈடு தாமதமானால் அடுத்த ஈட்டுக்கு நேரம் இருக்காது. ஒரு பறவையும் சாகாமலே எண்ணிக்கை குறையும் வழி இது.

ஆக, ஹீத்துக்குள் ஒரு செங்கல்கூட வைக்காமல், பக்கத்து ஊரில் கட்டும் வீடே பறவையைப் பாதிக்கிறது. வேலி போட்டு அடைக்கவும் முடியாது. இவற்றில் பல, தலைமுறைகளாக ஊர்ப் பொதுநிலங்கள், நடக்க மக்களுக்கு உரிமை உண்டு. தனி ஒரு வீட்டால் ஒன்றும் ஆகாதே என்று பில்டர் வாதிடவும் வழியில்லை. மற்றத் திட்டங்களோடு சேர்த்துப் பார்த்தாலும் பாதிப்பு இராது என்று உறுதியானால்தான் அனுமதி தரலாம் என்பது சட்டம். அதனால் கூடுதலாக வரும் ஒற்றை வீடும் கணக்கில் வரும்.

2009-ல் உள்ளாட்சிகள் கூட்டாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு, தூரத்தை வைத்து வட்டம் போடுகிறது. எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புது வீடே கூடாது. அந்தத் தூரத்தில் பூனை தானாகவே ஹீத்துக்குள் வேட்டைக்குப் போகும், மனிதர் வாசலிலிருந்து நடந்தே வந்துவிடுவார், எந்தப் பரிகாரமும் பலிக்காது. 400 மீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் இடையில் வீடு கட்டலாம், ஆனால் மக்கள் நடக்க ஹீத்துக்கு மாற்றாக வேறு இடம் கொடுக்க வேண்டும். 'தகுந்த மாற்று இயற்கைப் பசுமைவெளி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அதிகாரிகள் அதைச் சுருக்கமாக 'சாங்' (SANG) என்கிறார்கள். ஆயிரம் பேருக்கு 8 ஹெக்டேர் சாங். வீட்டுக்குச் சராசரியாக 2.4 பேர் என்று கொண்டால், நம் நூறு வீட்டுக்கு 240 பேர், 1.92 ஹெக்டேர், ஏறக்குறைய நாலே முக்கால் ஏக்கர். அதையும் காலத்துக்கும் பராமரிக்கப் பணம் கட்ட வேண்டும்.

சாங் என்பது புல் வெட்டிய பார்க் அல்ல. அதுதான் இந்த யோசனையின் சாமர்த்தியம். ஹீத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் காரில், பாதிக்கும் மேற்பட்டோர் நாயோடு வருவது தெரிந்தது. அவர்களுக்கு வேண்டியது ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. காரை நிறுத்த இடம், நாயை அவிழ்த்துவிடப் பயமில்லாத வெளி, போன வழியே திரும்பாமல் சுற்றி வரும் ஒரு பாதை. ஆகவே பாதை 2.3 முதல் 2.5 கிலோமீட்டர் வரை நீளமிருக்க வேண்டும், கொஞ்சம் காட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்றெல்லாம் விதி. ஊர்ப்பூங்கா போலத் தெரிந்தால் ஆள் பழையபடி ஹீத்துக்கே போய்விடுவார். மனிதனை விரட்டாமல் ஆசைகாட்டித் திருப்பும் இந்த வழி, போர்டு வைத்து அபராதம் விதிப்பதைவிட எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. போர்டை யார் படிக்கிறார்கள்?

இதற்கு மேல், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பணத்தில் ஹீத்களில் காவலர்கள் சுற்றுகிறார்கள். அடைகாக்கும் மாதங்களில் நாயைப் பாதையோடு கூட்டிப் போகச் சொல்வதுதான் அவர்களுடைய முக்கிய வேலை.

பலன் எவ்வளவு என்று பறவையை மட்டும் எண்ணிச் சொல்லிவிட முடியாது. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாமல் பூச்சியையும் சிலந்தியையும் தின்று பிழைப்பது. பனி மூடினால் பட்டினி. 1962-63 குளிரில் நாடு முழுவதும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளே தப்பின. 2009, 2010 குளிர்காலங்களிலும் சரிவு பெரிது. போதாக்குறைக்குத் தீ வேறு, 2020 மே மாதம் சரேயின் தர்ஸ்லி காமன் பெரும் பரப்பில் எரிந்தது. ஒரு வருடம் எண்ணிக்கை விழுந்தால் பழி நாய் மேலா, பனி மேலா, நெருப்பு மேலா? அதனால்தான் பறவைக் கணக்கோடு, ஹீத்தின் கார் நிறுத்தங்களில் எத்தனை வண்டி நிற்கிறது, வந்தவர் எந்த ஊர்க்காரர், கூட எத்தனை நாய் என்றும் எண்ணுகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் வீடு கூடியும் அந்த எண்ணிக்கை ஏறாமல் இருந்தால், சாங் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம்.