பயம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

10 மீட்டர் உயரத்தில் ஒரு மரப்பலகை. அதிலிருந்து குதிக்க வேண்டும். அதன் விளிம்பில் 45 வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார், தலையில் ஹெல்மெட், முதுகுப்பக்கம் கேரபினர் என்ற உலோகக் கொக்கியில் மாட்டிய கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கீழே நான் பிடித்திருந்தேன். அலுவலகத்தில் நூறு பேரை வேலை வாங்குகிறவர் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். இப்போது அவருடைய வலது முழங்கால் மட்டும் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது தாங்குமில்ல?" என்று மேலிருந்து கேட்டார்.

தாங்கும். அந்தக் கேரபினர் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். சுமார் இரண்டு டன் எடை. அவர் 80 கிலோ இருப்பார். கணக்கு அவருக்கும் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பலகையில் அவர் ஐந்து நிமிடம் நின்றார். அன்றைய முகாமிலேயே அவர் மிகவும் பத்திரமாக இருந்த ஐந்து நிமிடம் அதுதான். இரண்டு பேர் சரிபார்த்த முடிச்சு, சோதித்த கயிறு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். காலையில் அதே மனிதர் வழவழப்பான பாறைகள் மேல் செருப்புக் காலோடு, பின்னால் வந்தவரைக் கேலி செய்துகொண்டே ஓடையைத் தாண்டினார். அப்போது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அவருக்குத் துளியும் பயமில்லை.

அவுட்டோர் ட்ரெயினராக, அதாவது இப்படிச் சாகச முகாம்கள் நடத்துகிறவனாக இருந்து என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் கிடைத்ததுதான். எங்கள் தொழிலில் பிரித்துப் பேசுவோம்: ஆபத்து போலத் தெரிவது ஒன்று, உண்மையிலேயே ஆபத்தானது இன்னொன்று. முன்னதை வேண்டுமென்றே ஏற்பாடு செய்வோம், பின்னதை முடிந்த மட்டும் குறைப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பங்கேற்க வருகிறவர்களுக்கான பாடம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் சேர்த்துத்தான் என்று உறைக்க எட்டு வருடம் பிடித்தது.

அந்த எட்டு வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மலை நடை. போக 9 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறோம்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நன்றாக நடக்கிறவர்களுக்கான கணக்கு. புதியவர்கள் குழு என்றால் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்வேன். அன்றும் போட்டேன். மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று காலையில் எல்லார் முன்னாலும் அறிவித்தவனும் நான்தான்.

1 மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் 40 நிமிட ஏற்றம். 18 பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே அண்ணா" என்றான் ஒரு பையன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி அவர்கள் முகத்தைப் பார்த்தேன், "சரி, வாங்க" என்றேன்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. 19 பேருக்கு நான்கு டார்ச். உதிர்கல் சரிவில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டு இரண்டு பேராக மாறி மாறித் தோள் கொடுத்து அவரைக் கீழே கொண்டுவந்து சேர்க்க மூன்று மணி நேரம். ஏறும்போதைவிடக் களைத்துப்போய், உச்சியைத் தொட்டாயிற்று என்ற நிம்மதியில் இறங்கும்போதுதான் கால் இடறும். இந்த வரியை அதற்குமுன் எத்தனை குழுக்களுக்கு ஒப்பித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு "செம அனுபவம்" என்று கை குலுக்கினார்கள். அன்று நடந்ததிலேயே கெட்டது இதுதான் என்பேன். தப்பு செய்தவனுக்குப் பாராட்டு கிடைத்தால் அவன் அதை இன்னொரு முறை செய்வான். நானும் செய்திருப்பேன். கூட இருந்த மூத்த பயிற்சியாளர் மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "1 மணிக்கு நீ எதுக்குப் பயந்தே?"

மலைக்கு இல்லை, இருட்டுக்கும் இல்லை. 18 முகங்கள் வாடிப்போகுமே என்றுதான் பயந்தேன். வாடிய முகத்தால் யாருக்கும் கால் பிசகாது. ஆனாலும் அதுதான் அப்போது எனக்கு மலையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் சம்மதம் சொல்லிவிட்டு வருத்தப்பட்ட காரியங்கள் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். முடியாது என்று சொல்லவே முடியாத வேலைகள், திருப்பிக் கேட்காமல் விட்ட கடன், தூங்காத இரவுகள்.

அதற்குப் பின் திரும்பும் நேரத்தை நான் மட்டும் வைத்துக்கொள்வதில்லை. குழுவிலேயே ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். பொதுவாக, அதிகம் பேசாத ஆளாகப் பார்த்து. அந்த நேரம் வந்ததும் அவர் சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும், விவாதம் கிடையாது. என் மனவுறுதியை நம்புவதைவிட இது தேவலை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஆரம்ப வருடங்களில், பலகை மேல் தயங்கி நிற்கிறவர்களை நான் கீழிருந்து விரட்டுவேன். குழுவையும் சேர்த்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்துவோம். அப்படி ஒரு பெண் குதித்தார். ஒரே கைத்தட்டல். மாலை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசியபோது அவர் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து, "நான் குதிக்கல சார், நீங்க எல்லாரும் சேர்ந்து குதிக்க வெச்சீங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஒரு தகவல் போலச் சொன்னார். எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்கரான கார்ல் ரோன்கி இந்தத் துறையில் எப்போதோ பரப்பியிருந்தார். நானும் அதைப் படித்துத்தான் இருந்தேன். படித்தது கைக்கு வர அந்தப் பெண் தேவைப்பட்டார். கயிறு பத்திரமாக இருக்கிறது என்பதற்காக அவருடைய பயம் அற்பமானது ஆகிவிடாது. இப்போது யாராவது மேலே நின்றால் கீழே பேச்சே கிடையாது. அந்த மௌனத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி, இன்றுவரை.

பயப்படுகிறவரைப் பற்றி எனக்கு இப்போது கவலையே இல்லை. அவர் பக்கிளை மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். பழகிப்போனவரைத்தான் கண்காணிக்க வேண்டும். அமெரிக்க மலையேறி லின் ஹில், 1989-இல் பிரான்ஸில் ஒரு பாறையில் ஏறுமுன் கயிற்றை ஹார்னஸில் கோத்தார். இடையில் கவனம் சிதறி, முடிச்சை முடிக்காமலே விட்டுவிட்டார். மேலே போய், இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது 20 மீட்டருக்கு மேலிருந்து விழுந்தார். நடுவில் ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். அப்போதே உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவர் அவர். 1993-இல், அமெரிக்காவில் உள்ள எல் கேபிடன் என்ற பிரம்மாண்டமான பாறையின் 'நோஸ்' தடத்தில் கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு கை கால்களாலேயே ஏறி முடித்த முதல் மனிதரும் அவர்தான். அவருக்கே முடிச்சு தப்பியது. தெரியாமல் அல்ல, பாதியில் நின்றுபோனதால்.

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிய கதை இல்லை. 19 வயதுப் பெண் ஒருத்தி, முதல் முறை முகாமுக்கு வந்தவள், நான் ஏணியில் கால் வைக்கும்போது தயங்கித் தயங்கி, "அண்ணா, உங்க இடுப்புல அந்த வார் தொங்குதே, அது அப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். பக்கிள் மாட்டவே இல்லை. அன்று காலையிலிருந்து 30 பேருக்கு நான் மாட்டிவிட்டிருந்தேன், என்னுடையதைத் தவிர. முதலில் எனக்கு வந்தது நன்றி இல்லை, எரிச்சல். ஒரு சின்னப் பெண் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளே என்று. அந்த எரிச்சல் ஐந்து விநாடிதான் இருந்திருக்கும், ஆனால் அது வந்ததை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் ஏறுமுன் குழுவில் புதியவர் ஒருவரைக் கூப்பிட்டு, என் ஹார்னஸைச் சரிபார்க்கச் சொல்கிறேன். பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சின்னதாக இன்னொரு மாற்றம். களத்தில் யாரிடமும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். உடம்பு வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்க் குளிரில் விறைக்கிறவரும், வெயிலில் தண்ணீர் வற்றிச் சுருள்கிறவரும் "ஒண்ணுமில்ல" என்றே சொல்வார்கள். பேச்சு குழறுகிறதா, ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். வீட்டிலும் இதுதான். "எல்லாம் சரியா இருக்கா?" என்று தம்பியிடம் கேட்ட காலமெல்லாம் "ம்" மட்டும்தான் பதில். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று கேட்ட அன்று முக்கால் மணி நேரம் பேசினான்.

என் பயம் எங்கே இருக்கிறது, என் ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆபத்துப் பட்டியலில் முதலில் வந்தது மலையோ கயிறோ இல்லை. மூன்று நாள் முகாமை முடித்துவிட்டு, அரைத் தூக்கத்தில், இரவோடு இரவாகக் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது. வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏணிப்பக்கம் விடாத ஆள், கண் சொருகச் சொருக ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பயம் வந்ததில்லை.

பலகை விளிம்பில் நின்ற அந்த மனிதர் அன்று குதிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, "நான் இறங்கிக்கிறேன் தம்பி" என்றார். ஏணி வழியாக ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கயிற்றை அதற்கேற்பத் தளர்த்திக்கொண்டே இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாலை வட்டத்தில் தன் முறை வந்தபோது, காலையில் ஓடையில் தான் செருப்போடு போனது சரியா என்று மட்டும் கேட்டார். சரியில்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு நான் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். "ராத்திரியே கிளம்புறீங்களா தம்பி?" என்றார்.

"இல்ல சார், தூங்கிட்டுக் காலைலதான்."

இன்னொரு கயிற்றின் நுனியை எடுத்து, எப்படிச் சுருட்டுவது என்று கேட்டார். காட்டிக்கொடுத்தேன்.