ஓவர்ஹால்: முழுப்புதுக்கல்

மதுரைப் பட்டறைகளில் 'ஓவர்ஹால்' என்ற சொல்லை 'ஓவராயில்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்டு, ஏதோ ஆயில் மாற்றுகிற வேலை என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. இந்தச் சொல்லுக்கும் ஆயிலுக்கும் எந்த உறவும் இல்லை.

ஓவர்ஹால் கப்பலில் பிறந்த ஆங்கிலச் சொல். 'ஹால்' என்றால் இழுத்தல். கப்பிகளில் ஓடும் கயிற்றை எதிர்ப்பக்கமாக இழுத்துத் தளர்த்துவதை 17ஆம் நூற்றாண்டு மாலுமிகள் இப்படிச் சொன்னார்கள். பிரித்துப் போட்டுச் சேதம் பார்ப்பது என்ற பொருள் அப்புறம் சேர்ந்தது. பார்த்ததைச் சரிசெய்வது அதற்கும் பின்னால் வந்தது.

தமிழில் 'பழுதுபார்த்தல்' என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் ஒரு வால்வை மட்டும் மாற்றினாலும் அது பழுதுபார்த்தல்தான். இன்ஜின் முழுவதையும் பிரித்து, அளந்து, தேய்ந்ததை மாற்றிக் கோப்பதற்கு 'முழுப்புதுக்கல்' என்பதே பொருந்தும் என்பேன். 'புதுக்கு' நாம் புதிதாகக் கட்டிய சொல் அல்ல; கோயிலைச் செப்பனிடுவதற்குக் கல்வெட்டுகளிலேயே வருகிறது. செப்பனிடும் செலவுக்கு விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் 'டாப் வேலை'யை மேற்புதுக்கல் எனலாம்.

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர் முதன்முறை புதுக்கலில் இறங்கும்போது, 'பார்ப்பது' என்ற அந்த நடுப்பொருளை விட்டுவிடக் கூடாது. ரேடியேட்டர் இல்லாத, காற்றால் குளிரும் இன்ஜின் அது. பட்டறையில் 'இன்ஜின் இறக்கணும்' என்பார்களே, பீட்டிலில் அது நிஜமாகவே நடக்கும்: கியர்பாக்ஸோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பின்புறம் அடிவழியாக இறக்க வேண்டும்.

இறக்கியதும் பிரிக்க அவசரம் வேண்டாம். முதலில் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் முன்பின்னாக எவ்வளவு ஆடுகிறது என்று, நுண்ணளவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி, 0.15 தாண்டினால் கோளாறு. கிராங்கைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸ் இரண்டு பாதிகளாகப் பிரியும். உள்ளே பேரிங் உட்காரும் இடங்கள் தேய்ந்திருந்தால், அவற்றை ஒரே கோட்டில் கடைந்து பெரிய அளவு பேரிங் போட வேண்டும். கிராங்கைக் கிரைண்ட் செய்தால் அதற்கும் வேறு அளவு. ஆகவே அளந்து முடிக்கும் முன் பேரிங் வாங்குவது வீண் செலவு. சிலிண்டர்கள் தனித்தனி என்பதால் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோருக்கு அலைவதைவிட பிஸ்டனோடு புது செட் போடுவதே வழக்கம். 1584 சிசி இன்ஜினுக்கு விட்டம் 85.5 மில்லிமீட்டர்.

கோக்கும்போது பலர் அலட்சியம் செய்வது, சுற்றியுள்ள தகரங்களை. ஃபேன் தள்ளும் காற்றைச் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள, சூட்டை வெளியேற்றும் துடுப்புகளுக்குக் கொண்டுபோவது அவைதான். பழைய மாடல்களில் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை, ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் மறைப்பதால் அது ஏற்கெனவே கூடுதலாகச் சுடும். தகரத்தையும் இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பரையும் விட்டுவிட்டால், சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். மதுரையின் மே மாத வெயிலில் ஓட வேண்டிய இன்ஜினுக்கு, கழற்றிய ஒவ்வொரு தகரமும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.