டெலீட் பட்டனைத் தொடும் முன்: போராட்டக் களப் படங்கள் பற்றி

பயிற்சிக்கு வரும் இளம் பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். போராட்டக் களத்திலிருந்து திரும்பியதும் 'நல்ல' படம் நாலைந்தை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை அழித்துவிடுகிறார்கள். வேண்டாமே என்று சொல்லும்போது நான் காட்டும் உதாரணம் தைவான்.

அங்கே 1949இல் வந்த ராணுவச் சட்டம் 1987 ஜூலையில்தான் விலகியது. விலகிய பிறகும் இருந்த மூன்று டிவி சேனல்களும் அரசு, ஆளுங்கட்சி, ராணுவம் ஆகியவற்றின் பிடியில்தான். 1988 மே 20 அன்று விவசாயிகள் தலைநகர் தைப்பேயில் பேரணி நடத்தினார்கள். மோதல் இரவு வரை நீண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். காய்கறி லாரியில் கல்லை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. டிவியிலும் விவசாயிகளின் வன்முறைதான் ஓடியது. ஆனால் 1986இல் உருவான 'பசுமைக் குழு' என்ற வீடியோக் குழு கூட்டத்துக்குள்ளேயே நின்று படம்பிடித்திருந்தது. போலீஸ் அடித்ததும் அதில் இருந்தது. கேசட்டுகளாகக் கைமாறிப் பரவிய அந்தப் பதிவு, டிவி சொன்ன கதையைக் கேள்விக்குள்ளாக்கியது.

கல் பறக்கும் ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்தால் விவசாயி குற்றவாளி. அதற்கு முந்தைய பத்து ஃபிரேம்களையும் பார்த்தால்தான் யார் முதலில் கை ஓங்கியது என்று பேசவே முடியும்.

சியே சான்-தாய் போன்ற தைவான் புகைப்படக்காரர்கள் அந்த ஆண்டுகளில் தெருவில் எடுத்த படங்கள் பின்னாளில் புத்தகமாகவும் வந்தன. ஃபிலிம் காலத்தில் ஒரு வசதி, பிடிக்காத ஃபிரேமும் நெகட்டிவிலேயே கிடக்கும்!

2014 மார்ச்சில் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் தங்கினார்கள். மார்ச் 23 இரவு இன்னொரு கூட்டம் நிர்வாக மன்றக் கட்டடத்துக்குள், அதாவது அமைச்சரவை இயங்கும் இடத்துக்குள், நுழைந்தது. போலீஸ் அவர்களை விரட்டும்போது செய்தியாளர்களையும் வெளியேற்றியது. அப்புறம் போராட்டக்காரர்களின் கைபேசிப் பதிவுகளும் சாட்சியாயின.

ஆகவே கேமரா கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். மொத்தத்தையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். வைத்திருப்பது வேறு, வெளியிடுவது வேறு. கூட்டத்தைப் போலீஸும் ஆதாரத்துக்காகப் படமெடுக்கிறது. உங்கள் படத்தில் தெளிவாகத் தெரியும் முகமும் அதே வேலைக்குப் பயன்படலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள், ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.