பேக்ரவுண்ட் செக்கில் தப்பு வந்து வேலை போனால் எந்தக் கதவைத் தட்டுவது

வேலை உறுதி என்று கடிதம் வந்து, கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டு வாரம் கழித்து ஹெச்ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: பின்னணிச் சோதனை திருப்தியாக இல்லை, வேலையைத் திரும்பப் பெறுகிறோம். எது திருப்தியாக இல்லை என்று கேட்டால் சோதனை நிறுவனத்தைக் கைகாட்டுகிறார்கள். அந்த நிறுவனமோ, "உங்களை வேலைக்கு எடுப்பவர்தான் எங்கள் வாடிக்கையாளர், அவரிடமே கேளுங்கள்" என்கிறது. தப்பு செய்யாத ஆள் இப்படி நடுவில் நின்று தவிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாகவே வருகிறது. காரணம் பெயர். தமிழ்நாட்டுப் பட்டச் சான்றிதழில் "எஸ். முருகன்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே பிறந்தவர்களுக்கு நடுவில் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்). தனியார் நிறுவனங்கள் காவல்துறையின் குற்றப் பதிவேட்டை நினைத்தபடி புரட்டிப் பார்க்க முடியாது. அதனால் சோதனை நிறுவனங்கள் வழக்குப் பட்டியல், திவால் பதிவு, பழைய செய்திகள் ஆகியவற்றில் தேடுகின்றன. பல சமயம் பெயரை வைத்தே தேடுவதால், அதே பெயருள்ள இன்னொருவரின் வழக்கு உங்கள் அறிக்கையில் ஏறிவிடும்.

2023 செப்டம்பரிலிருந்து, வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் பட்டயம், பட்டம் போன்ற தகுதிகளைக் காட்டினால் அவற்றுக்குச் சரிபார்ப்புச் சான்று வேண்டும். கல்லூரி பதில் போடாததால் "சரிபார்க்க முடியவில்லை" என்று வருவதும், "போலி" என்று வருவதும் ஒன்றல்ல. ஹெச்ஆரில் சிலர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். அறிக்கையில் எந்த வாசகம் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, சட்டம் என்ன தருகிறது? 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலை நீங்கள் கேட்கலாம், தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ஒர்க் பர்மிட்டில் இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. தகவலைக் கொடுக்க நியாயமான கட்டணம் கேட்கலாம், திருத்துவதற்குக் கேட்கக் கூடாது. 30 நாளில் முடியாவிட்டால், எப்போது முடியும் என்று அதற்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் முதல் பொறி. "என் பேக்ரவுண்ட் ரிப்போர்ட்டைக் கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால், அது மதிப்பீட்டுக்காக மட்டும் வைத்திருக்கும் கருத்து, கொடுக்கத் தேவையில்லை என்று மறுத்துவிடுவார்கள். அந்த விலக்கு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கருத்துக்குத்தான். நீங்கள் கேட்க வேண்டியது விவரம்: என் பெயரில் என்ன வழக்கு, என்ன தேதி, என்ன பட்டம், என்ன வேலைக்காலம் என்று பதிவாகியிருக்கிறது, கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள். இதை ஒரே நாளில் வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம், சோதனை நிறுவனம் இரண்டுக்கும் அனுப்புங்கள். கடிதம் ஹெச்ஆருக்கு அல்ல, தகவல் பாதுகாப்பு அதிகாரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் தெரிவித்திருக்க வேண்டும். தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் இல்லாத பேச்சை நாளைக்கு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பதில் இல்லையென்றால் அடுத்தது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம். அங்கே போனதும் முதலில் கேட்பது, நிறுவனத்துக்கு எழுதினீர்களா என்பதுதான். இன்னொன்று, ஆணையம் உத்தரவு போடும், அபராதம் விதிக்கும். உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. இழப்பீடு வேண்டுமென்றால் நீங்களே சிவில் வழக்குப் போட வேண்டும். சிறு கோரிக்கை மன்றம் இதை எடுக்காது. மன உளைச்சலும் இழப்புதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் சொல்லியிருப்பது கொஞ்சம் தெம்பு தருகிறது. இன்னும் ஒன்று: அரசாங்க அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தவறு அரசுப் பதிவிலேயே இருந்தால் அந்த அலுவலகத்திடமே போக வேண்டும்.

வழக்கு என்றதும் எல்லோரும் அரசின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவைச் சொல்வார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் அது. வருமானச் சோதனையில் உங்கள் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பத்தாரின் வருமானத்தைத் தலைக்கு வகுத்துப் பார்க்கிறார்கள். வேலை போய் நிற்பவர், சம்பாதிக்கும் மகனோடு வசிப்பதாலேயே தகுதி இழக்கலாம். அவதூறு வழக்குக்கு உதவி கிடையாது. "என் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடக்கூடும். தவறான தகவலால் வேலை போனது, வருமானம் போனது என்று சொல்லுங்கள். நடந்ததும் அதுதானே.

புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனையில் வழக்கறிஞர் உங்களுக்குத் தருவது 20 நிமிடம். கடிதம் எழுதித் தர மாட்டார், உங்களுக்காக வழக்காட மாட்டார். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பவும் போக முடியாது. வெறும் கையோடு போனால் கதை சொல்லியே நேரம் தீர்ந்துவிடும். மேலே சொன்ன கடிதங்களுக்குப் பதில் வந்த பிறகு, வேலைக் கடிதம், நிராகரித்த மின்னஞ்சல், அந்தப் பதில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்கள் டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய தொண்டு அமைப்புகளை அணுகலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு அறிக்கை வந்து நீக்கிவிட்டார்களா? அப்போது கெடு மிகக் குறுகியது. தவறான பணிநீக்கம் என்று, வேலைத் தகராறுகளைக் கையாளும் டிஏடிஎம் அமைப்பில் சமரசத்துக்குப் பதிய, கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம்தான். தகவல் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. இரண்டையும் கூடவே நடத்துங்கள். புது வேலைக் கடிதத்தில் "பின்னணிச் சோதனைக்கு உட்பட்டது" என்ற வரி இருந்தால், சோதனை முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை பழைய வேலையை விடவே விடாதீர்கள். அந்த ஒரு வரி இருந்தால் பின்னால் வழக்காடுவது மிகவும் கடினம்.

பழைய சிறு தண்டனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், கடுங்குற்றப் பட்டியலில் இல்லாத குற்றம், வேறு பதிவு இல்லை, அதன்பின் ஐந்து ஆண்டு குற்றமில்லாத வாழ்க்கை என்றால் அந்தப் பதிவு கழிந்துபோனதாகிவிடும். பதிவு இல்லை என்று சொல்ல அப்போது சட்டமே இடம் தருகிறது. படிவத்தில் பயந்துபோய் எழுதிக்கொடுத்து, நீங்களே வேலையை இழக்காதீர்கள்.

கடைசியாக, தகவலைத் திருத்திவிட்டோம் என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். முந்தைய ஓராண்டில் அந்தத் தவறான தகவலைப் பெற்ற மற்ற நிறுவனங்களுக்கும் திருத்தத்தை அனுப்புவது அவர்களின் கடமை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். திருத்த மறுத்தால், நீங்கள் திருத்தம் கேட்டதையாவது அந்தப் பதிவில் குறித்துவைக்க வேண்டும். குறித்துவிட்டார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.