சூரை: ‘டூனா’வுக்குத் தமிழ்ச் சொல்லும் அதன் சமையலும்

டின்னிலும் உணவுப் பட்டியலிலும் ‘டூனா’ என்று எழுதியிருக்கும் மீனுக்குத் தமிழில் சூரை என்று பெயர். சூரைமீன் என்றும் சொல்வார்கள். கலைச்சொல்லாக யாரோ புதிதாக ஆக்கியதல்ல, மீனவர் வாயில் புழங்கும் சொல். மலையாளத்தில் இதே மீன் ‘சூர’. இத்தனை எளிய சொல் கையில் இருக்கும்போது, சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் டூனாவை அப்படியே வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். சூரைக்கு இடையின ரகரம். வல்லின றகரம் போட்டுச் ‘சூறை’ என்று எழுதினால் கொள்ளை, சுழல்காற்று என்று பொருள் போய்விடும். சூறையாடுவதும் சூறாவளியும் அங்கிருந்து வருபவை. முதலெழுத்தைக் குறுக்கினால் சுரைக்காய். ‘சுறா’ என்பதோ வேறு மீன்: சுறாவின் உடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு, சூரைக்குக் கெட்டியான எலும்பு. சூரை என்ற பெயரில் ஒரு முட்செடியும் உண்டு. பழைய பாட்டில் சூரை வந்தால் பெரும்பாலும் அந்தச் செடிதான், மீனல்ல.

‘டூனா’ வந்த வழி நீளமானது. கிரேக்கத்தில் தூன்னோஸ். ‘பாய்ந்து விரைதல்’ என்ற பொருளுள்ள வினையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது பழைய விளக்கம். நிற்காமல் நீந்தும் மீனுக்கு அது பொருந்தவும் செய்கிறது. கிரேக்கச் சொல் லத்தீனில் துன்னுஸ் ஆயிற்று. அரபியில் ‘தூன்’ ஆகி, முன்னொட்டுச் சேர்ந்து ‘அத்-தூன்’ என்று ஒலித்தது. அந்த முன்னொட்டோடு சேர்த்தே ஸ்பானியர் எடுத்துக்கொண்டதால் அவர்களுக்கு அது ‘அதூன்’. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னிருந்த ‘அ’ உதிர்ந்து, கடைசியில் ஓர் ‘ஆ’ ஒட்டிக்கொண்டது. இது 1880-களில் நடந்தது. அதற்கு முன்பு ஆங்கிலேயர் சொன்னது ‘டன்னி’. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு கிளை. ஸ்பானிய மொழியில் ‘தூனா’ என்று கேட்டால் சப்பாத்திக்கள்ளிப் பழம் கிடைக்கும். அந்தச் சொல் கரீபியத் தாயினோ மொழியிலிருந்து வந்தது, மீனோடு உறவில்லாதது. இறக்குமதி டின்னில் மீனைத் தேடுகிறவர் ஸ்பானியத்தில் அதூன், இத்தாலியத்தில் தொன்னோ, பிரெஞ்சில் தோன் என்ற பெயர்களைப் பார்க்க வேண்டும்.

தமிழில் ‘ட்யூனா’ என்பது பிரித்தானிய உச்சரிப்பு, ‘டூனா’ அமெரிக்க உச்சரிப்பு. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘துனா’ என்று எழுதுவோரும் உண்டு. சூரை என்று எழுதினால் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லை.

ஆனால் சூரை என்பது ஒரே மீனின் பெயரல்ல. அயிலையும் வஞ்சிரமும் சேர்ந்த பெரிய குடும்பத்துக்குள் சூரைகள் ஒரு கிளை; அதில் 15 இனங்கள் உள்ளன. எந்தச் சூரை என்று தெரியாமல் சமைக்க இறங்கினால் பாதித் தவறு அங்கேயே நடந்துவிடும். வயிற்றில் நீளவாக்கில் கோடுள்ள சிறியது வரிச்சூரை. அதன் தசை கருஞ்சிவப்பு, மணம் அழுத்தமானது. குழம்புக்கும் டின்னுக்கும் ஏற்றது. மஞ்சள் துடுப்புச் சூரையின் தசை சிவந்து, கொழுப்புக் குறைந்து, கெட்டியாக இருக்கும். கனமாக வெட்டிச் சட்டியில் சுட அதுதான் சரி. நீலத்துடுப்புச் சூரைக்குக் கொழுப்பு மிகுதி, விலையும் மிகுதி. அல்பகோர் என்பதை நீள்துடுப்புச் சூரை எனலாம், பக்கத் துடுப்பு அவ்வளவு நீளம். வெந்தால் தசை வெளுப்பாகும். அமெரிக்காவில் டின்னின் மேல் ‘வெள்ளை’ என்று போட இந்த ஒன்றுக்குத்தான் அனுமதி. ‘பொனிட்டோ’ என்ற பெயர் இன்னும் குழப்பும்: ஸ்பெயினில் ‘வடக்குப் பொனிட்டோ’ என்றால் அல்பகோர், ஜப்பானியச் சமையலில் பொனிட்டோச் சீவல் என்று மொழிபெயர்ப்பது வரிச்சூரையை.

சூரைத்தசை மாட்டிறைச்சிபோலச் சிவந்திருப்பது மயோகுளோபின் என்ற புரதத்தால். ஓயாமல் நீந்தும் தசைக்கு ஆக்சிஜனைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. சூரை தன் உடற்சூட்டைச் சுற்றியுள்ள நீரைவிட அதிகமாக வைத்திருக்கக்கூடிய மீன். மீனை முதுகில் இரண்டு, வயிற்றில் இரண்டு என நான்கு நீளத்தசைகளாகப் பிரிப்பார்கள். நடுவே முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறுத்த பட்டை கருந்தசை. கசப்பும் இரும்பு வாடையும் அதில்தான். குழம்பில் கிடந்தால் பரவாயில்லை, ஆனால் நடு வேகாமல் சுடும் துண்டில் அதைக் கத்தி நுனியால் வகுந்து எடுத்துவிட வேண்டும்.

சுடுவதற்கு 2.5 முதல் 3 செ.மீ. கனமுள்ள, சுமார் 170 கிராம் துண்டு எடுங்கள். அதைவிட மெலிந்தால் மேற்புறம் நிறம் மாறுவதற்குள் நடுவும் வெந்துவிடும். உப்பு, எடையில் 1 சதவீதம்: இந்தத் துண்டுக்கு ஏறக்குறைய கால் தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து வெளிவந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் துண்டு சுடாமல் ஆவியில் அவிந்து சாம்பல் நிறமாகும்; பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் துண்டின் மேல் தடவுங்கள். வார்ப்பிரும்புச் சட்டி புகையத் தொடங்கும் சூட்டுக்கு வந்ததும் வைத்து, நகர்த்தாமல் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 90 விநாடி. பக்கவாட்டில் பார்த்தால் வெந்த வெளுப்பு மேலும் கீழும் ஒரு மெல்லிய கோடு அளவுக்கு ஏறியிருக்கும், நடு சிவப்பாக இருக்கும். எடுத்தபின்னும் சூடு உள்ளே போய்க்கொண்டே இருப்பதால், நினைத்ததற்குச் சற்று முன்பே எடுத்துவிடுவது நல்லது.

நடுவில் 45 முதல் 50 பாகை செல்சியஸ் இருந்தால் தசை மென்மையாக இருக்கும். 60-ஐத் தாண்டும்போது சிவப்புப் போய்ப் பழுப்பாகும், புரதம் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும். ஈடுகட்டக் கொழுப்பு இல்லாததால் வறட்சி நாக்கில் உடனே தெரியும். ஆனாலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முழுக்க வெந்ததையே சாப்பிட வேண்டும். அதற்கு நடுவில் 63 பாகை. அவர்களுக்குச் சமைக்கும்போது சட்டிச் சூட்டைக் குறைத்து, நடுத்தரத் தீயில் ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம் வைத்து, வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பில் போடுவதானால் 4 செ.மீ. துண்டுகளாக்கி, குழம்பு முழுக்கத் தயாரான பிறகு இறக்கி, கொதிக்கவிடாமல் மெல்லத் ததும்பும் சூட்டில் 6 முதல் 8 நிமிடம் போதும். மீனைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மரத்தூள்போல் ஆகிவிடும்.

எலுமிச்சைச் சாற்றில் முன்கூட்டி ஊறவைப்பது தவறு. புளிப்பு மேல்தசையைத் தீயில்லாமலே வெளுக்கவைத்து மாவுபோல் ஆக்கும். பரிமாறும்போது மேலே பிழிவதுதான் முறை. வெட்டுவதும் அதுபோலத்தான்: தசைநார் ஓடும் திசையைப் பார்த்து, குறுக்கே, கூரான நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் 1 செ.மீ. கனமாக. முன்னும் பின்னும் அறுத்தால் துண்டு அடுக்கடுக்காகப் பிரியும். சூடான தட்டில் வைத்தால் சிவந்த நடுவும் மேசையிலேயே வெந்துபோகும்.

டின் சூரை வேறு கதை. டின்னுக்குள் போகுமுன் ஆவியில் ஒருமுறை, மூடியபின் அழுத்தச் சூட்டில் இன்னொருமுறை என்று அது இருமுறை வெந்த மீன். 1903-இல் கலிபோர்னியாவில் மத்தி வரத்துக் குறைந்தபோது அல்பகோரை டின்னில் அடைக்கத் தொடங்கினார்கள். டூனா என்ற சொல் சமையலறைகளுக்குப் பரவியதில் அந்தத் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. ‘சாலிட்’ என்றால் பெரிய கட்டி, ‘சங்க்’ என்றால் துண்டு, ‘ஃபிளேக்’ என்றால் உதிரி. அடுப்பில் சேர்ப்பதானால் கடைசி ஒரு நிமிடம், சூடேறுவதற்கு மட்டும். சாலட்டுக்கு வடிகட்டியில் 5 நிமிடம் விட்டுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். வடித்த 100 கிராமுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள். உப்பை ருசி பார்த்தபின் சேருங்கள், டின்னிலேயே உப்பு உண்டு. சாண்ட்விச் ரொட்டி நனைந்து தொய்வது மயோனைஸால் அல்ல, சரியாக வடிக்காத நீரால். மிஞ்சியதை டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து 3, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பாய்ச்சிய தசை, பழையதானாலும் தர்பூசணிச் சிவப்பாகவே நிற்கும். நல்ல தசையும் காற்றுப் பட்டுப் பழுப்பாகலாம். வெட்டிய முகத்தில் வானவில்போல் மினுங்குவது ஒளி தசைநாரில் பட்டுச் சிதறுவதால், அது கெட்டதற்கு அடையாளமல்ல. ‘சூஷி கிரேடு’ என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறை கிடையாது. அது விற்பனைச் சொல். பார்க்க வேண்டியது குளிர்ச்சி தொடர்ந்து இருந்ததா என்பதை. சூரைத்தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெதுவெதுப்பில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருளாக மாற்றும். வேகவைத்தாலும் உறையவைத்தாலும் டின்னில் அடைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. கெட்ட வாடை வரவேண்டும் என்றும் இல்லை. சாப்பிடும்போது நாக்கில் மிளகுபோல் சுறுசுறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆகவே மீனை 4 பாகைக்குக் கீழே வையுங்கள். உறைந்ததைக் குளிர்பெட்டிக்குள்ளேயே, வெற்றிடப் பையைக் கிழித்துத் திறந்துவிட்டு உருகவிடுங்கள். காற்றில்லாத பைக்குள் உருகினால் போட்டுலிசம் என்ற கடும் உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளர வழி உண்டு.

பாதரசமும் இனத்துக்கு இனம் மாறும். பெரிதாக வளர்ந்து நெடுநாள் வாழும் மீனில் அதிகம்: வரிச்சூரையில் குறைவு, அல்பகோரில் அதைவிடக் கூடுதல், பெருங்கண் சூரையில் இன்னும் கூடுதல். கர்ப்பிணிகள் பெருங்கண் சூரையைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. குறிப்பில் வெறுமே ‘டூனா’ என்று எழுதுவதைவிட இனப்பெயரையும் சேர்க்கச் சொல்வது இதனாலும்தான்.

எழுதும்போது சூரைத்துண்டு, சூரைத்தசை, சூரைக்குழம்பு என்று ஒற்று மிகும்; சூரைமீன், சூரை வறுவல் என்பவற்றில் மிகாது. டின்னைத் தமிழாக்கித் ‘தகரத்தில் அடைத்த’ என்று நீட்ட வேண்டியதில்லை, டின் சூரை என்றாலே எல்லோருக்கும் புரியும்.