கடலரிப்பு தெரியும், அதோட ஜோடி எக்கல் தெரியுமா?

வடசென்னையில காசிமேட்டுலேந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா குடியிருக்குற யாருக்கும் கடலரிப்புன்னா என்னன்னு விளக்கி சொல்ல வேணாம். தாத்தா காலத்துல இருந்த தெரு இப்ப தண்ணிக்குள்ள, வலை காயப்போட்ட மணல் இப்ப கருங்கல் குவியல்னு அவங்களே கை நீட்டி காட்டுவாங்க. பேப்பர்லயும் டிவிலயும் அதே சொல்லு தான் வருது, அது நல்ல சொல்லு, சரியான சொல்லும் கூட. ஆனா அதுக்கு ஒரு ஜோடி இருக்கு, அத விட்டுட்டு அரிப்பு அரிப்புன்னு மட்டும் பேசினா போன மணல் எங்க போச்சுங்கற கேள்வியே யாருக்கும் வர மாட்டேங்குது, அதனால ரெண்டு சொல்லயும் சேர்த்தே எழுதறேன்.

மொதல்ல எரோஷன். லத்தீன்ல 'ரோடெரே'ன்னா கொறிக்கிறது, பல்லால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டறது, அதுலேந்து 'எரோடெரே', அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து எரோஷன் ஆச்சு. எலி அணில் வகையெல்லாம் 'ரோடென்ட்'னு சொல்றாங்களே, அதுவும் இதே வேர் தான். நம்ம பக்கம் பாத்தா அரி. கரையான் அரிச்ச கதவு, செல்லரிச்ச ஏடு, துரு அரிச்ச ஜன்னல் கம்பி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு மொழி, தண்ணி நிலத்த என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கு, அடிச்சு உடைக்கல, கொறிச்சு எடுக்குதுன்னு. அதனால எரோஷனுக்கு அரிப்புங்கறது யாரோ ஆபீஸ்ல உக்காந்து உண்டாக்குன மொழிபெயர்ப்பு மாதிரி ஒட்டாம நிக்கல, ரொம்ப இயல்பா பொருந்துது.

எனக்கு அத விட பிடிச்சது அரிங்கறதோட இன்னொரு அர்த்தம். அரிசிய தண்ணில போட்டு கல்லரிக்கிறோம் இல்லயா, அந்த அரி. பாத்திரத்த சாய்ச்சு ஆட்டினா லேசானது தண்ணியோட அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கனமான கல்லு அடியில தங்கிடும். கடலும் ஆறும் இதத்தான் செய்யுது, எடுக்கும்போதே தரம் பிரிக்குது. திருவொத்தியூர் பக்கம் மணல் மிச்சம் இருக்குற எடத்துல அலை பலமா அடிச்ச மறுநாள் போய் பாத்தீங்கன்னா மணல்ல கருப்பா, சில எடத்துல செவப்பு கலந்து கோடு கோடா கெடக்கும், நெறய பேரு அத எண்ணெய்னோ கரித்தூள்னோ நெனச்சிக்கிறாங்க (இந்த பக்கம் அப்படி நெனைக்கறதுக்கு காரணமும் இருக்கு), ஆனா பெரும்பாலும் அது இல்மனைட், கார்னெட் மாதிரி கனமான தாது மணல், லேசான வெள்ள மணல அலை அரிச்சு எடுத்துட்டுப் போனதும் இது பின்னாடி தங்கிடுது. இந்த சலிச்சுப் பிரிக்கிற அர்த்தம் லத்தீன் சொல்லுல கெடையாது, நம்ம சொல்லுல இருக்கு.

எல்லாத்தயும் அரிப்புன்னு சொல்லிடவும் கூடாது. பாறை வெயில்லயும் மழையிலயும் இருந்த எடத்துலயே நொறுங்கி, மக்கி, உதிர்ந்து போறது சிதைவு, பள்ளிக்கூட புத்தகத்துல வானிலைச் சிதைவுன்னு இருக்கும். அப்படி உதிர்ந்தத காத்தோ தண்ணியோ பேத்து எடுக்கறது அரித்தல், தூக்கிட்டுப் போறது கடத்துதல், வேகம் கொறஞ்ச எடத்துல போடறது படியவைத்தல். இந்த வேலை எவ்ளோ பெருசுன்னு புரிய பல்லாவரம் வரைக்கும் போனா போதும். அங்க இருக்குற பாறைக்கு சார்னகைட்னு பேரு, கல்கத்தாவுல ஜாப் சார்னாக்குங்கற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரோட கல்லறையில இருந்த கல்ல ஆராஞ்சு 1890-கள்ல தாமஸ் ஹாலண்ட்ங்கற புவியியலாளர் அந்த சார்னாக் பேரயே வெச்சாரு, அந்த கல்லும் நம்ம பல்லாவரத்துலேந்து போனதுன்னு தான் சொல்றாங்க. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்ன, பூமிக்குள்ள 20 கிலோமீட்டர் மாதிரி ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருவாகுற பாறை அது. இன்னிக்கு அது மேல ஆடு மேயுது. அப்ப அதுக்கு மேல இருந்த அவ்ளோ கனமும் என்ன ஆச்சு? நிலம் மெல்ல மெல்ல மேல எழும்ப எழும்ப, சிதைஞ்சு, அரிச்சு, எங்கெங்கயோ போய் சேந்துடுச்சு.

இப்ப ஜோடி சொல்லுக்கு வரேன். ஆத்து வண்டல் அடியில தங்கறத டெபாசிஷன்னு சொல்றாங்க, அதுக்கு படிவு சரியா இருக்கு, படின்னாலே கீழ தங்கறது. ஆனா கடலோரத்துல அலை மணல கொண்டாந்து ஏத்தி ஏத்தி கரைய வளர வைக்குதே, அத இன்ஜினியருங்க அக்ரிஷன்னு சொல்றாங்க. 'க்ரெஸ்கெரே'ன்னா லத்தீன்ல வளர்றது, வளர்பிறைய க்ரெசென்ட்னு சொல்றதும் அந்த வேர்லேந்து தான். இதுக்கு தமிழ் அறிக்கைகள்ல மணல் சேர்தல், மணல் திரட்சி, படிதல்னு ஆளுக்கு ஒண்ணு எழுதறாங்க, எதுவும் நெலைக்கல. ஏற்கனவே இருக்குற சொல்லு எக்கல். எட்டாத பரண பாக்க குதிகால தூக்கி எக்கிப் பாக்கறோம் இல்லயா, அந்த எக்கு, மேல உந்தி எழுப்பறது. அலை உந்திப் போட்ட மணலும் வண்டலும் எக்கல், அப்படி ஏறுன மணல்மேடு எக்கர். சங்கப் பாட்டுல நெய்தல் நிலம் வந்தாலே எக்கரும் வந்துடும், ஐங்குறுநூறுல ஞாழற்பத்துன்னு பத்து பாட்டு, எல்லாமே 'எக்கர் ஞாழல்'னு தான் ஆரம்பிக்குது, அதாவது மணல்மேட்டுல நிக்கற ஞாழல் மரம். அந்த மேட்டுல படர்ற அடும்பங்கொடியும் பாட்டுல நெறய வரும், ஊதாப்பூ பூக்குமே, ஆட்டுக்குளம்பு மாதிரி எலை, அது இன்னிக்கும் நம்ம கரையில மணல் மிச்சம் இருக்குற எடத்துல எல்லாம் படருது, வேர் விட்டு மணல கெட்டியா பிடிச்சிக்குது. ரெண்டாயிரம் வருஷமா நம்ம கையில இருக்குற சொல்ல விட்டுட்டு அக்ரிஷன்னு எழுதறது எனக்கு மனசுக்கு ஆகல.

அரிப்பும் எக்கலும் ஜோடின்னு ஏன் சொல்றேன்னா வடசென்னை கத மொத்தமும் அதுல இருக்கு. நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பெரும்பகுதி, அதாவது தென்மேற்குப் பருவக்காத்து காலத்தயும் சேத்து, அலை தெக்குலேந்து சாய்வா வந்து அடிக்கும், மணல் கரையோரமாவே வடக்க நகரும். வாடைக் காத்து அடிக்கற வடகிழக்குப் பருவத்துல திரும்பி தெக்க நகரும். ரெண்டயும் கழிச்சுப் பாத்தா மிச்சம் வடக்கப் போற மணல் தான் ஜாஸ்தி. இது ஒரு ஆறு மாதிரி நிக்காம ஓடிட்டே இருக்கறதுனால ஒரு எடத்துல அரிச்சுப் போனத தெக்குலேந்து வர்ற மணல் ஈடு கட்டிடும். மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கெடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், சரக்கயும் ஆளயும் மசூலா படகுல அலை தாண்டி கொண்டாருவாங்க. 1875 வாக்குல துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க, 1881 புயல்ல அது சிதைஞ்சுது, திரும்ப கட்டினாங்க. அந்த சுவரு கடலுக்குள்ள நீண்டதும் வடக்க போய்ட்டிருந்த மணலுக்கு வழி அடைஞ்சுபோச்சு. தெக்குப் பக்கம் மணல் எக்கி எக்கி கரை அகலமாயிட்டே போச்சு, அதுக்கு முன்ன செயின்ட் ஜார்ஜ் கோட்டைச் சுவர் பக்கத்துலயே வந்து அலை மோதிட்டு இருந்த ஊரு இது. 1880-கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் கடலோரமா நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சாரு, அந்த மெரினா இன்னிக்கு இவ்ளோ அகலமா இருக்கறதுக்கு பெரிய காரணம் துறைமுகத்துக்கிட்ட நின்னுபோன மணல். துறைமுகத்தயும் அது விடல, கிழக்க பாத்து இருந்த வாசல் மணல் ஏறி தூர்ந்துட்டே இருந்துச்சு, 1904-க்கு அப்பறம் பிரான்சிஸ் ஸ்பிரிங்ங்கற இன்ஜினியர் வந்து தான் வாசல வடகிழக்குக்கு மாத்தி அமைச்சாங்க.

வடக்குப் பக்கம் என்ன ஆச்சுன்னு ராயபுரத்துக்காரங்களுக்குத் தெரியும். அலை வழக்கம் போல அரிச்சுட்டே தான் இருந்துச்சு, ஈடு கட்ட வர்ற மணல் மட்டும் நின்னுபோச்சு. காசிமேடு, தண்டையார்பேட்ட, திருவொத்தியூர், எர்ணாவூர்னு வரிசையா தெருவும் வீடும் போச்சு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு அடி வாங்குச்சு. ஆக மெரினா எக்கலும் வடசென்னை அரிப்பும் ஒரே கணக்கோட வரவும் செலவும். கடல் கோவப்பட்டு இந்தப் பக்கம் மட்டும் ஏறி வந்துச்சுன்னு சொல்றவங்க, அந்தக் கணக்குல செலவ மட்டும் படிக்கறாங்க. திருவொத்தியூர் தலபுராணம், பிரளய வெள்ளம் ஒற்றி விலகுன எடம்னு ஊர்ப் பேருக்கு காரணம் சொல்லும், கடல் வர்றதும் விலகறதும் இந்த ஊரு நெனப்புல எவ்ளோ பழசுன்னு பாருங்க.

அரிப்ப தடுக்க கரை நெடுக கருங்கல் கொட்டினாங்க, அப்பறம் குறுக்கால கடலுக்குள்ள நீட்டி கல்லுச் சுவரு போட்டாங்க, இங்கிலீஷ்ல க்ராய்ன், நம்ம ஆளுங்க சொல்றது தூண்டில் வளைவு. இது அகராதி வழியா வந்த சொல்லு இல்ல, பாத்த வடிவத்துக்கு வெச்ச பேரு, மீனவர் கோரிக்கையிலேந்து அரசாங்க ஆணை வரைக்கும் அதே சொல்லு போயிடுச்சு, ரொம்ப சந்தோஷமான விஷயம். அது வேலை செய்யற விதமும் இப்ப சொன்ன ஜோடி தான், வளைவுக்கு தெக்க மணல் எக்கும், வடக்க அரிக்கும். அதனால தான் ஒரு குப்பத்துல தூண்டில் வளைவு போட்டா அடுத்த குப்பத்துக்காரங்க எங்களுக்கும் போடுங்கன்னு கேக்கறாங்க, அவங்க பேராசைல கேக்கல, பக்கத்து ஊரு மணல நிறுத்திக்கிச்சுன்னு கண்ணால பாத்துட்டு கேக்கறாங்க.

எண்ணூர் முகத்துவாரத்துல இன்னொரு சொல்லு வேணும், தூர். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற வாயில ரெண்டு பக்கத்துலேந்தும் மணல் வரும், ஆத்துல தண்ணி வேகம் இருந்தா தள்ளி வெளிய விடும், கோடையில வேகம் இருக்காது, வாய் தூர்ந்துடும். எக்கல்னா கரை வளர்றது, தூர்றதுன்னா பள்ளம் நெறஞ்சு வழி அடையறது, ரெண்டுக்கும் மணல் தான் காரணம்னாலும் எறால் புடிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு கெடையாது, ஏன்னா வாய் அடைஞ்சா கடல் தண்ணி உள்ள ஏறாது, எறால் குஞ்சும் உள்ள வராது. அங்க மணலோட அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து அடியில படிஞ்சு கெடக்கு, அத வண்டல்னு எழுதறத பாக்கும்போது வருத்தமா இருக்கு. வண்டல்னா ஆறு கொண்டாந்த மண்ணு, பயிரு வெளையற மண்ணு. சாம்பல சாம்பல்னே எழுதுங்க.

வண்டலோட மதிப்பு தெரியணும்னா மீஞ்சூர் பக்கம் பாருங்க. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் ஆயிரக்கணக்கான வருஷமா கொண்டாந்து போட்ட மணலும் வண்டலும் அங்க நிலத்துக்கடியில அடுக்கடுக்கா இருக்கு, அந்த அடுக்குல நின்ன நல்ல தண்ணிய தான் பல வருஷமா போர் போட்டு எடுத்து சென்னைக்கு அனுப்பினாங்க. எடுத்த அளவுக்கு ஊறல, கடல் தண்ணி நிலத்துக்கடியிலயே உள்ள வந்து கெணறு உப்பாயிடுச்சு. ஜார்ஜ் டவுன் ஏழுகெணறும் மணல் காத்துக் குடுத்த தண்ணி தான், 1772-லயே அங்கேந்து கோட்டைக்கு தண்ணி போச்சு. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற நீளமான மணல் திட்டு, அதோட தொடர்ச்சியா ஸ்ரீஹரிகோட்டா, இதெல்லாமும் கடல் எக்கிப் போட்டது. காட்டுப்பள்ளிக்கு வடக்க அந்தத் திட்டு மெலிஞ்சுட்டே வருது, அறுந்துபோனா கடலுக்கும் உள்ள இருக்குற கழிக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது, அங்க இருக்குற ஊருங்க பயப்படறதுக்கு காரணம் இது தான்.

எரிமலை வெடிச்சு புதுசா நிலம் எழும்பறது, கண்டத்தட்டு ரெண்டு மோதி இமயமலை உசந்தது இதெல்லாம் அகச்செயல், பூமிக்கு உள்ளேந்து வர்றது. 1963-ல ஐஸ்லாந்து பக்கம் கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு சுர்ட்ஸேன்னு ஒரு தீவு வெளிய வந்துச்சு, 1967-ல வெடிப்பு அடங்கினதும் அலை அரிக்க ஆரம்பிச்சு கிட்டத்தட்ட பாதி போயிடுச்சு. அப்படி உள்ளேந்து புதுசா நிலம் வர்றதுக்கு எக்கல்னு சொல்லக்கூடாது, எழும்பிச்சுன்னு சொல்லலாம், எழுச்சின்னு எழுதலாம்.

எழுதறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. கோஸ்டல் எரோஷனுக்கு கடலரிப்பு, சாயில் எரோஷனுக்கு மண்ணரிப்பு, இத மாத்த வேணாம். கடலோர அக்ரிஷனுக்கு எக்கல், பேச்சுல சொல்லும்போது 'இந்த வருஷம் அம்பது அடிக்கு எக்கியிருக்கு'ன்னு வினையாவே சொல்லலாம். ஆத்துல ஏரியில தங்கறது படிவு, வாய் அடையறது தூர்வு, அத எடுக்கறது ஏற்கனவே எல்லாரும் சொல்ற தூர்வாரல். 'மணல் அரிப்பு'ன்னு மட்டும் எழுதாதீங்க, எங்க அரிச்சுதுன்னு எழுதற அதே வரியில எங்க எக்கிச்சுன்னும் எழுதுங்க, வழக்கமா அது தெக்கால ஒரு சுவரு தள்ளி தான் இருக்கும்.